எட்டுத் துளைகளுக்கு வரன் பார்த்த கதை

கோணமங்கலத்துச் சகோதரர்கள் மூவரும் பொய் சொல்ல மாட்டார்கள். பிறர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார்கள். யார் எதைச் செய்யச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். முதல் இரண்டு குணங்களால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மூத்தவர் ஆபத்சகாயம், அடுத்தவர் ஐராவதம், இளையவர் சட்டநாதன். வீட்டின் முன்கூடத்தில் மூவருமாக ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நிலையம் நடத்தினார்கள். அந்த வீட்டில் பொருத்தம் பார்க்காமல் எதையும் எதோடும் சேர்ப்பதில்லை. குடம் வாங்கினால் மூடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து, நாள் பார்த்துத்தான் அதை அழைத்து வருவார்கள். புதுச் செருப்பில் இடதுக்கும் வலதுக்கும் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து, ஐராவதம் ஒரு கோடை முழுக்க இடதை மட்டும் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர்களுக்கு ஒரே தங்கை, வடிவாம்பாள். வயது முப்பதைக் கடந்துவிட்டது. வரன் வராமல் இல்லை. வந்த வரனையெல்லாம் அண்ணன்கள் தனித்தனியே கணித்தார்கள். ஆபத்சகாயம், "பொருந்துது" என்பார். ஐராவதம், "பொருந்தலை" என்பார். சட்டநாதன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்து, "பார்க்கலாம்" என்பார். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்த வரன்களுக்கெல்லாம் வேறிடத்தில் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பிள்ளைக்கு ஜாதகம் எழுத அவர்கள் இதே கூடத்துக்கு வந்தார்கள். வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று வடிவுதான் மோர் கொண்டுவந்து கொடுப்பாள்.

அவளுக்குச் செவ்வாய் தோஷம் வேறு இருந்தது. அதைக் கழிக்க, பாவாடை தாவணி போட்ட வயதில் கொல்லையிலிருந்த வாழை மரத்துக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். மாலை வாடுவதற்குள் மரத்தை வெட்டிச் சாய்த்து, தோஷம் போயிற்று என்றார்கள். தோஷம் போனது, மரம் போகவில்லை. அடியில் கன்று விட்டு, கன்றுக்குக் கன்று விட்டு, இப்போது கொல்லை நிறைய வாழை. சாயங்காலம் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, 'புகுந்த வீட்டு வேலை' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் சினிமாக் கொட்டகை. வடிவு பார்த்த படங்கள் குறைவு. காதால் கேட்ட படங்கள் ஏராளம். மதியக் காட்சியின் அழுகையும் சண்டையும் மதிலைத் தாண்டி வரும். நடுவில் சட்டென்று எல்லாம் அடங்கும். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டுகிற நேரம் அது. அந்த மௌனத்தில் ஆபரேட்டர் தாயுமானவன் மெல்ல இருமுவது கேட்கும். வடிவு படத்தைவிட அதைத்தான் கவனமாகக் கேட்பாள்.

அந்தத் தாயுமானவனுக்குத்தான் அவன் அம்மா குஞ்சம்மாள் வடிவைக் கேட்டு வந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆமான்னாலும் சரி, இல்லேன்னாலும் சரி. ஆவணி முடியறதுக்குள்ள சொல்லலேன்னா நன்னிலத்துல ஒரு பொண்ணு இருக்கு, முடிச்சுருவேன்" என்றாள் குஞ்சம்மாள்.

"பொருந்துது" என்றார் ஆபத்சகாயம்.

"ரஜ்ஜு தட்டுது. பொருந்தலை" என்றார் ஐராவதம்.

சட்டநாதன் கண்ணை மூடினார். குஞ்சம்மாள் அவர் கண்ணைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி வடிவு சாப்பிடவில்லை. அண்ணன்கள் கெட்டவர்கள் அல்ல, அதனால் அவர்களும் சரியாகச் சாப்பிடவில்லை. மூவருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டும் என்று புரிந்தது. ஊரில் மாற்றலாகிப் போகவிருந்த பாங்க் அதிகாரி எட்வின் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஜாதகப் பொருத்தம் போடுகிற ஃப்ளாப்பி ஒன்றையும் அவர் பொழுதுபோக்காக வைத்திருந்தார். மெஷின் சொல்வதை மூவரும் மறுபேச்சின்றி ஏற்பது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, போய் அதை வாங்கி வந்தார்கள்.

எட்வின் அவசரத்தில் இருந்தார். வாசலில் லாரி நின்றது. "பயணத்துல ஆடிடக்கூடாதுன்னு கார்டையெல்லாம் கழட்டி இந்த பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன். மூடியைத் திறந்தா உள்ளே மதர் போர்டுன்னு ஒரு பலகை, அதுல எட்டுத் துளை வரிசையா இருக்கும். கார்டை அதுல சொருகணும். திரைக்கு ஒண்ணு, ஃப்ளாப்பிக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு ஒண்ணு, நினைவுக்கு ஒண்ணு."

"எது எதுல?" என்றார் ஐராவதம்.

"சிலதுக்கு அதுக்குன்னு ஒரு இடம் உண்டு. எதுன்னு எனக்கே மறந்துபோச்சு சார். ஒண்ணும் பயமில்லை. முதல்ல கரண்டை நிறுத்திடுங்க. கார்டைத் தொடறதுக்கு முன்னாடி ஏதாவது இரும்பைத் தொட்டுக்குங்க, உடம்புல இருக்கற மின்சாரம் இறங்கிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுத்துங்க, 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் விடாதீங்க. ஓடுதான்னு பாருங்க, ஓடலேன்னா அடுத்ததுல போடுங்க. அவ்வளவுதான்."

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். எட்வினின் லாரியும் ஊரைவிட்டுப் போயிற்று.

மறுநாள் மதியம், கூடத்தில் கோலம் போட்டு, மெஷினைக் கிழக்கு முகமாக வைத்தார்கள். அதை இன்னும் எந்த ப்ளக்கிலும் மாட்டவில்லை. ஆனாலும் கரண்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறாரே.

"மெஷினுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?" என்றார் ஆபத்சகாயம்.

"ப்ளக்லேர்ந்து."

"ப்ளக்குக்கு?"

"மீட்டர்லேர்ந்து. மீட்டருக்குக் கம்பத்துலேர்ந்து. கம்பத்துக்கு முக்குல இருக்கற ட்ரான்ஸ்பார்மர்லேர்ந்து."

"ட்ரான்ஸ்பார்மருக்கு?" என்று கேட்டார் சட்டநாதன்.

"மேட்டூர்லேர்ந்து."

 மேட்டூருக்கு நேர் பஸ் இல்லை என்பதால் ட்ரான்ஸ்பார்மரோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவாயிற்று. லைன்மேன் பொன்னுரங்கத்தின் மகள் ஜாதகம் இவர்கள் கையில் இருந்தது. அவர் காரணம் கேட்காமல் ஃப்யூஸைப் பிடுங்கினார். தெருவில் மாவு மில் நின்றது. ஐஸ் கடை நின்றது. மதிலுக்கு அப்பால், கதாநாயகி பாதி அழுகையில் நின்றாள்.

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வடிவு நிமிர்ந்து பார்த்தாள். ரீல் மாற்றும் மௌனம் இவ்வளவு நீளாது. இருமலும் கேட்கவில்லை. விசில்தான் கேட்டது.

உள்ளே அடுத்த பிரச்சினை ஆரம்பித்திருந்தது.

"இரும்பு சனியோட உலோகம். சுபகாரியத்துக்கு முன்னாடி சனியைத் தொடறதா?" என்றார் ஐராவதம்.

"தொடச் சொல்லியிருக்காரே."

எள் தீபம் ஒன்று ஏற்றிவிட்டுத் தொடலாம் என்று ஆபத்சகாயம் தீர்த்துவைத்தார். வீட்டில் பெரிய இரும்பு பீரோதான். ஆபத்சகாயம் உள்ளறைக்குப் போய் பீரோவைத் தொட்டுவிட்டு ஓடி வந்தார். வரும் வழியில் கதவின் மேல் கை பட்டுவிட்டது.

"மரத்தைத் தொட்டுட்டீங்களே அண்ணே. தொட்டது போயிடுச்சு" என்றார் சட்டநாதன்.

மறுபடி போனார். இந்த முறை வழியில் அவர் மனைவி கோமளம் நின்றாள். அவளைத் தொட்டால் கணக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே பீரோவையே கூடத்துக்குக் கொண்டுவருவதென்று மூவரும் சேர்ந்து தூக்கினார்கள். அது கூடத்தில் திருப்ப இடம் போதாமல் முன்வாசல் நடைக்குள் போய்க் குறுக்காகச் சிக்கி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"இனி யாரும் உள்ளே வர முடியாதே" என்றாள் கோமளம்.

"நல்லதாப் போச்சு. முகூர்த்த நேரத்துல குறுக்கே யாரும் வரமாட்டாங்க" என்றார் ஆபத்சகாயம்.

மூடியைத் திறந்தார்கள். பச்சைப் பலகையின் மேல் எட்டுத் துளைகள், பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு எண். பிஸ்கட் டின்னிலிருந்து நாலு கார்டுகளையும் தாம்பாளத்தில் எடுத்துவைத்தார்கள்.

"அந்த சார் ஒவ்வொண்ணுலயும் போட்டுப் பார்க்கச் சொன்னாரே" என்று எட்டிப்பார்த்துச் சொன்னாள் வடிவு.

ஆபத்சகாயம் காதைப் பொத்திக்கொண்டார். "போட்டுப் பார்க்கறதா? ஒரு பொண்ணை நாலு வீட்டுல விட்டுப் பார்ப்பாங்களா வடிவு? நம்ம குடும்பத்துல பேசற பேச்சா இது?"

கார்டுகள்தான் பெண்கள் என்பதில் சகோதரர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இன்னொருவர் வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள்தானே. துளைகள் எட்டும் ஒரே பலகையில் பிறந்தவை. ஆகவே எட்டும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள்.

"அப்போ மூத்தவனுக்கு முதல்ல முடிக்கணும்" என்றார் ஐராவதம். குனிந்து எண்ணைப் படித்தார். முகம் மாறியது. "அண்ணே, மூத்தவனுக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கு."

"பூஜ்யம்னா?"

"இன்னும் பிறக்கலை."

"பிறக்காதவன் எப்படி மூத்தவனாவான்?"

சட்டநாதன் கண்ணை மூடினார். "பிறந்தா மூத்தவனாத்தான் பிறப்பான். அவன் இடத்தை விட்டுவைப்போம்" என்றார். அது நியாயமாகப் பட்டது. பூஜ்யத்தை விட்டுவிட்டார்கள்.

கார்டுகளுக்குப் பிறந்த நேரம் வேண்டும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஏதோ எண்கள் அச்சாகியிருந்தன. முதல் எண்ணை மணியாகவும் மீதியை நிமிஷமாகவும் ஐராவதம் எடுத்துக்கொண்டார். பிறந்த ஊர் தைவான். தைவானில் சூரியன் எப்போது உதிக்கும் என்று பஞ்சாங்கத்தில் இல்லை. கோணமங்கலத்தில் உதிக்கும் அதே சூரியன்தானே என்று அதையே வைத்து நாலு ஜாதகமும் கணித்தார்கள்.

திரைக் கார்டுக்கு மூன்றாம் துளை பிரமாதமாகப் பொருந்தியது. ஃப்ளாப்பிக் கார்டுக்கு ஆறாம் துளை. பிரிண்டர் கார்டில்தான் இடித்தது.

"ஆயில்யம்" என்று மூச்சை இழுத்தார் ஐராவதம். "மாமியாருக்கு ஆகாது."

"துளைகளுக்கு அம்மா யாரு?"

"அந்தப் பலகைதான். எட்வின் சார் அதை மதர் போர்டுன்னுதானே சொன்னாரு."

மூவரும் பலகையைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இத்தனை பிள்ளைகளைச் சுமந்தவள். கடைசியில் ஆபத்சகாயம், பிரிண்டர் கார்டை ஏழாம் துளைக்குக் கொடுத்துத் தனிக்குடித்தனம் வைத்துவிடலாம் என்றார். கோடி வீடு. பக்கத்திலேயே பின்சுவரில் தனி வாசலும் இருந்தது. மாமியார் மருமகள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை.

மூன்றையும் சொருகினார்கள். புகுந்த வீட்டுக்குள் வலது காலை முன்னே வைக்க வேண்டும் என்று ஐராவதம் வலது ஓரத்தை முதலில் அழுத்த, ஒரே மாதிரி அழுத்த வேண்டும் என்று சட்டநாதன் இடது ஓரத்தை அழுத்த, ஆபத்சகாயம் துளையில் காதை வைத்துக் கேட்டார். டக். டக். டக். ஒவ்வொரு டக்குக்கும் கோமளம் சமையலறையிலிருந்து கரண்டியால் கெட்டிமேளம் தட்ட வேண்டியிருந்தது.

மீதி நினைவுக் கார்டு. அதன் நடுவில் சின்னதாகச் சிவப்பாக ஒரு விளக்கு ஒட்டியிருந்தது. ஐராவதம் ஜாதகத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"செவ்வாய் தோஷம்" என்றார்.

 மூவரும் ஒரே நேரத்தில் கொல்லைப் பக்கம் திரும்பினார்கள்.

 தாம்பாளத்தில் தனியாகக் கிடந்த அந்தக் கார்டை வடிவு பார்த்தாள். மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இது மட்டும் இன்னும் பிஸ்கட் தூள் ஒட்டிய முகத்தோடு காத்திருந்தது.

அவள் மஞ்சள் கயிறு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனபோது, மதிலேறிக் குதித்து இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தாயுமானவன். பின்னால் அவன் தம்பி தென்னவன், கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவன், இன்னும் கல்யாணமாகாதவன்.

"வாசல்ல ஏதோ பீரோ நிக்குது. அதான் இப்படி..." என்றான் தாயுமானவன். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "கரண்டை நிறுத்தச் சொன்னது உங்க வீடுன்னு பொன்னுரங்கம் சொன்னாரு. கொட்டகையில ஜனங்க நாற்காலியை உடைக்கறாங்க. இங்கே என்ன நடக்குது?"

"கல்யாணம்" என்றாள் வடிவு.

அவன் முகம் வாடிவிட்டது. "யாருக்கு?"

"ஒரு கார்டுக்கு."

"மாப்பிள்ளை?"

"அதோ, அந்த வாழை."

அவன் வாழையைப் பார்த்தான். "நல்ல குடும்பமா?" என்றான்.

"எனக்குத் தெரிஞ்ச குடும்பம்தான்" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, சத்தமாகச் சிரித்தாள். தாயுமானவன் இருமினான். மதில் இல்லாமல் அந்த இருமலை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குள் அண்ணன்கள் வந்துவிட்டார்கள். வாழைத் தண்டில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, நினைவுக் கார்டை அதில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுத்தினார்கள். டக் என்று சத்தம் வரவில்லை. சளக் என்றது.

"சளக்னா சரியா?" என்றார் ஆபத்சகாயம்.

"மாப்பிள்ளை நம்ம ஊரு. தைவான் பாஷை எப்படி வரும்?" என்றார் ஐராவதம்.

கயிறு கட்டியாயிற்று. சாஸ்திரப்படி மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். கார்டை உருவியபோது அதன் பல் வரிசை முழுக்க வாழைப்பால் வழிந்தது. புதுப்பெண்ணைத் துடைக்கக்கூடாது என்று அப்படியே தாம்பாளத்தில் ஏந்திக் கூடத்துக்குப் போய், ஐந்தாம் துளையில் சொருகினார்கள். இந்த முறை டக் என்றது.

தென்னவன் ஓடிப்போய்ச் சொல்ல, பொன்னுரங்கம் ஃப்யூஸை மாட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் கதாநாயகி அழுகையின் மீதியை அழுதாள். தாயுமானவன் மறுபடி மதிலேறினான், ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கூடத்தில் ப்ளக்கை மாட்டியதும் மெஷின் முனகிக்கொண்டு எழுந்து, பச்சை எழுத்தில் பெண்ணின் நட்சத்திரம் கேட்டது.

ஏன் ஓடியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முதலில் சோதனைக்காக ஆபத்சகாயம் தன் ஜாதகத்தையும் கோமளத்தின் ஜாதகத்தையும் போட்டார். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று காகிதத்தைத் துப்பியது. இங்கிலீஷ் எழுத்தில் 'உத்தமம்' என்று இருந்தது.

கோமளம் அதைப் படித்துப் பார்த்தாள். "இது ரிப்பேருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஐராவதம் தன் இடது செருப்பையும் வலது செருப்பையும் போட்டுப் பார்த்தார். உத்தமம். சட்டநாதன் பீரோவையும் வாசல் நடையையும் போட்டார். உத்தமம்.

"அதான் அப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது" என்று மூவரும் வியந்தார்கள்.

வடிவு தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாழைப்பால் குடித்த நினைவுக் கார்டுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. ரஜ்ஜு மறந்துவிட்டது, வேதை மறந்துவிட்டது, தோஷமெல்லாம் மறந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் நினைவில் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியது நல்ல சொல்லாக இருக்கும்போது அதைப் போய் ஏன் திருத்த வேண்டும் என்று அவள் பேசாமல் இருந்தாள்.

"பெரியண்ணே, அடுத்தது நம்ம வீட்டுதைப் போடுங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

போட்டார்கள். பிரிண்டர் கீச்சென்றது. மூவரும் குனிந்து படித்தார்கள்.

"பொருந்துது" என்றார் ஆபத்சகாயம்.

"பொருந்துது" என்றார் ஐராவதம், எச்சிலை விழுங்கிக்கொண்டு. கற்பூரம் அணைத்த கை அல்லவா.

சட்டநாதன் கண்ணை மூடப் போனார். வடிவு அவர் தோளைத் தொட்டாள். "சின்னண்ணே" என்றாள். அவர் கண்ணைத் திறந்தபடியே, வாழ்க்கையில் முதல் தடவையாக, "பொருந்துது" என்றார். அன்று சாயங்காலமே ஐராவதம் கொல்லை வழியாக மதிலேறிக் குதித்துப் போய்க் குஞ்சம்மாளிடம் சொன்னார். ஆவணி முடிய இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். தாங்கள் நடத்திவைத்த நாலு கல்யாணங்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்பதால், தங்கை கல்யாணத்தையும் அதே முறைப்படி நடத்துவது என்று அண்ணன்கள் தீர்மானித்திருந்தார்கள். வாசல் நடையை இடித்து பீரோவை எடுத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். சீர்வரிசை பலமாக இருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

தாலி கட்டும் நேரம். ஆபத்சகாயம் கையை உயர்த்தினார். பொன்னுரங்கம் ஃப்யூஸைப் பிடுங்கினார். மண்டபத்தில் விளக்கு போயிற்று, மின்விசிறி போயிற்று, மைக் போயிற்று. நாதஸ்வரக்காரர் மட்டும் தன் சொந்த மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, பீரோவைத் தொடுங்க" என்றார் ஐராவதம்.

தாயுமானவன் இடது கையால் பீரோவைத் தொட்டுக்கொண்டே வலது கையால் முதல் முடிச்சைப் போட முயன்றான். வடிவு தானே கொஞ்சம் பீரோப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று முடிச்சும் விழுந்தன. உடனே ஆபத்சகாயம் மாப்பிள்ளையின் தோளையும், ஐராவதம் தங்கையின் தோளையும் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுத்தினார்கள். கோமளம் குனிந்து மணைப் பலகையில் காதை வைத்துக்கொண்டாள். பல வருஷ அனுபவத்தில் அவளும் அந்த வீட்டு மனுஷியாகிவிட்டிருந்தாள்.

"இன்னும் சத்தம் வரலீங்க" என்றாள்.

இன்னும் அழுத்தினார்கள். குஞ்சம்மாள் எழுந்து வந்து, என்னவென்று கேட்டு, பாவம் என்று தானும் ஒரு கை கொடுத்தாள். 'டக்' என்று மணைப் பலகை இரண்டாகப் பிளந்தது.

"உட்கார்ந்தாச்சு!" என்று ஆபத்சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட்சதை மழையாகக் கொட்டியது. பிளந்த பலகையில் ஆளுக்கொரு பாதியாக உட்கார்ந்திருந்த வடிவும் தாயுமானவனும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாணம் என்று ஊர் சொன்னது.

பந்தி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வண்டியேறினார்கள். தென்னவனை மட்டும் காணவில்லை. குஞ்சம்மாள் தேடிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். மூலையில், பீரோவுக்குப் பக்கத்தில், சட்டநாதன் அவன் கையை இறுக்கிப் பிடித்து உட்காரவைத்திருந்தார்.

"விடுங்க மாமா, மதியக் காட்சிக்கு டிக்கெட் கொடுக்கணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான் தென்னவன்.

"கொஞ்சம் இரு தம்பி" என்றார் சட்டநாதன் அன்பாக. "ஒரு வாரம் உங்க அண்ணன்கிட்ட ஓடுதான்னு பார்த்துட்டு அனுப்பிடறோம். ஓடலேன்னா அடுத்தது நீதானே."